தவணைக்கு ஓய்வு, வட்டிக்கு ஓய்வில்லை

ஜெகதளா எங்கள் ஊர். பச்சைத் தேயிலையே எங்கள் வருமானம். இலை ஏற்றும் வண்டிக்காக என் தந்தையார் வங்கியில் கடன் பெற்றிருந்தார். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 27-இல், கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. பின்னர் அச்சலுகை ஆகஸ்ட் 31 வரை நீண்டது. "ஆறு மாத வட்டி மிச்சம்" என்றார் தந்தையார். வணிகவியல் பயிலும் நானும் தலையசைத்தேன். அது என் பிழை.

ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. ஒரு கணக்கால் விளக்குவேன். நிலுவை 1,00,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று கொள்வோம். ஆறு மாதத் தனிவட்டி 6,000 ரூபாய். மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்த்தால் 6,152 ரூபாய். கூடுதலான 152 ரூபாயே வட்டிக்கு வட்டி.

சிறுதொழில், கல்வி, வீடு, வாகனம் முதலியவற்றுக்கான இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, இவ்வேறுபாட்டைத் தானே ஏற்பதாக மத்திய அரசு 2020 அக்டோபரில் அறிவித்தது. 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம், ஒத்திவைப்புக் காலத்துக்கு எவரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. முழு வட்டியையும் தள்ளுபடி செய்ய மறுத்தது. ஆக, 152 ரூபாய் நீங்கும். 6,000 ரூபாய் நம் கடனே.

கையில் காசில்லாதவருக்கு அச்சலுகை ஊன்றுகோல். கட்ட இயன்றவருக்குச் சுமை. எங்களுக்கு ஜூன் மாதமே இலைப் பணம் வந்தது. அப்போதே கட்டியிருக்கலாம், கட்டவில்லை. முடிய வேண்டிய கடன் பின்னும் நீண்டது.

நண்பர்களே! இனி இத்தகைய சலுகை வந்தால், "வட்டி ஓடுமா?" என்று முதலில் கேட்போம். வீட்டில் படித்த பிள்ளைகள் நாம்தானே!