கழுத்துக் குழாயா, கை ஃபிஸ்டுலாவா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58, விவசாயி. இரண்டு மாதமாகக் கழுத்தில் குழாய் போட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. இடது கையில் ‘ஃபிஸ்டுலா’ ஆபரேஷன் செய்யச் சொல்கிறார் டாக்டர். “கழுத்துலயே நல்லா ஓடுதே, கையில கத்தி வச்சா மம்பட்டி பிடிக்க முடியாது” என்று அப்பா மறுக்கிறார். மலையேறி இராம தீர்த்தத்தில் குளிக்கவும் ஆசைப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தீர்த்தமலை

பதில்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். கழுத்துக் குழாயின் நுனி இதயத்தின் வாசலில் இருக்கிறது. அதன் வழியே கிருமி நுழைந்தால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் இருக்கும்வரை அந்த இடம் நனையவே கூடாது. தீர்த்தமானாலும் தண்ணீர் தண்ணீர்தான்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரண சிரையால் அவ்வளவு தர முடியாது. அதனால் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைக்கிறோம். இந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. வேகமாகப் பாயும் ரத்தத்தால் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும். நியூயார்க் மருத்துவர்கள் பிரெசியாவும் சிமினோவும் 1966இல் வெளியிட்ட முறை இது. இன்றும் பெரும்பாலானோருக்கு இதுவே முதல் தேர்வு.

கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்யும் சிறிய ஆபரேஷன்தான். சிரை பக்குவப்பட ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சிலருக்குப் பக்குவப்படாமலும் போகலாம். முன்கூட்டியே டாப்ளர் ஸ்கேனில் ரத்தநாளங்களைப் பார்ப்பது அதற்காகத்தான். சிரை சரியில்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாயான ‘கிராஃப்ட்’ உண்டு. அதை இரண்டு மூன்று வாரத்தில் பயன்படுத்தலாம். ஆனால் அடைப்பும் கிருமித்தொற்றும் ஃபிஸ்டுலாவைவிட அதிகம்.

கை போய்விடாது. புண் ஆறியதும் டாக்டரைக் கேட்டு மம்பட்டி பிடிக்கலாம். அந்தக் கையில் பாரம் தூக்க வேண்டாம், வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். விரல்கள் சில்லிட்டு மரத்தாலோ வலித்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

காலையும் மாலையும் ஃபிஸ்டுலாமேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘விர்’ரென்ற அதிர்வு இருக்க வேண்டும். அது நின்றால் அடைப்பு. அப்போதே கிளம்ப வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதோ, ரத்தம் எடுப்பதோ, டிரிப்ஸ் ஏற்றுவதோ கூடாது. இறுக்கமான கடிகாரம், காப்பு வேண்டாம். அந்தக் கையைத் தலைக்கு வைத்தும் படுக்கக் கூடாது. ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள்.

ஃபிஸ்டுலா வேலை செய்து, கழுத்துக் குழாயை எடுத்து, புண்ணும் ஆறிய பிறகு, டயாலிசிஸ் இல்லாத நாளில் அப்பா தீர்த்தமாடலாம். மலையேறும் தெம்பு இதயத்துக்கு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்கும் தீர்த்தத்தையும் அன்றைய தண்ணீர் அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். இன்று ஆபரேஷன் செய்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த வாரமே அப்பாவை அழைத்துப் போங்கள்.