கிறிஸ்தவக் கதைகளும் விவாகப் புத்தகங்களும்: வாசிக்கும் முறை



நம்முடைய குடும்பங்களில் எழுத்து வாசனை பெருகியிருப்பது சர்வேசுரனுக்கு நன்றி சொல்லவேண்டிய காரியம். ஆனால் வாசிக்கத் தெரிந்தவனுக்கு, எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் சிலுவையும் உள்ளே வேதவாக்கியமும் இருந்தால் போதும், அந்தக் கதை நல்ல கதைதான், அந்தப் புத்திமதி நல்ல புத்திமதிதான் என்று நம்மில் அநேகர் நினைக்கிறார்கள். அது சரிதானா என்று இந்த வாரம் ஆராய்வோம்.

முற்காலத்தில் ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். இப்போது அது கைப்பேசியில் வருகிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. புருஷன் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ உழைக்க, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மனைவி பிள்ளைகளோடு தனித்திருக்கும் வீடுகள் உண்டு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு இரவு வேலைக்குப் போனவருக்காக விழித்திருக்கும் வீடுகளும் உண்டு. தனிமையில் வாசிப்பது மனதில் ஆழமாய் இறங்கும். வாசித்தது மருந்தானால் வீடு பிழைக்கும்; விஷமானால் வீட்டார் அறியுமுன்னே அது தன் வேலையை முடித்துவிடும்.

1. கதை வாசிப்பது வேதத்துக்கு விரோதமா?

"கதையெல்லாம் பொய்" என்று சில பெரியவர்கள் ஒரேயடியாய்த் தள்ளிவிடுவார்கள். அப்படியானால் நம் ஆண்டவர் திருவாய் மலர்ந்த உவமைகளை என்ன செய்வது? ஊதாரி மைந்தன் எந்த ஊரான், அவன் தகப்பன் பேரென்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் தகப்பனுடைய மனதில் பரமபிதாவின் மனதைக் கண்டுகொள்கிறோம், அது போதும்.

தாவீது இராஜா ஊரியாவின் மனைவியை அபகரித்து, ஊரியாவையும் போர்முனையில் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து, எடுத்த எடுப்பிலே அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழை ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரனின் கதையைச் சொன்னார். இராஜா கோபங்கொண்டு தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு தம்மேலேயே விழுந்ததைப் பிறகுதான் உணர்ந்தார் (2 சாமுவேல் 12). நல்ல கதையின் வேலை இதுதான். அயலானுடைய குற்றத்தைக் காட்டுவதுபோல் நம்முடைய குற்றத்தைக் காட்டும். கெட்ட கதையோ நம் குற்றத்துக்குச் சாக்குத் தேடிக் கொடுக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றையப் பாடம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

2. ஏலாக்குறிச்சி கற்பிக்கும் பாடம்

தமிழில் பிறந்த கிறிஸ்தவக் கதைகளுக்குள் தலைசிறந்த ஒன்று நம்முடைய சீமையோடு சம்பந்தப்பட்டது. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவில் இருக்கிறது. அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலி தேசத்தில் 1680-ல் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, நம் நாட்டுக்கு வந்து, 1747-ல் மரித்த குரு அவர். அர்ச். சூசையப்பரைக் கதாநாயகராக வைத்து அவர் பாடிய தேம்பாவணி 1726-ம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்ட பெருங்காவியம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. சுவிசேஷங்களில் அர்ச். சூசையப்பர் பேசிய வார்த்தை ஒன்றுகூட எழுதப்படவில்லை. அவரைப் பற்றி வருவதும் சில அதிகாரங்களில் சொற்பமே. அப்படியிருக்க, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் எங்கிருந்து வந்தன? ஸ்பானிய தேசத்துக் கன்னியாஸ்திரியான ஆகிரேதா மரியம்மாள் (1602–1665) எழுதிய நூலை முனிவர் ஆதாரமாகக் கொண்டார் என்று அறிஞர் சொல்லுகிறார்கள். மற்றவை கவியின் கற்பனை. யூதேயா நாட்டை வருணிக்கும்போது நம் நாட்டு மழையும் ஆறும் வயலுமே அந்தப் பாடல்களில் செழிக்கின்றன. இதைப் பொய் என்று சொல்லலாமா? கூடாது. அர்ச். சூசையப்பரை நம் வாசற்படிக்கு அழைத்துவருவதற்காகக் கவி போட்ட பாதை அது. ஆனால் அதைச் சுவிசேஷம் என்றும் சொல்லக்கூடாது. தனி மனிதருக்கு உண்டான காட்சிகளும் வெளிப்படுத்தல்களும் விசுவாசப் பொக்கிஷத்தைச் சேர்ந்தவையல்ல என்று திருச்சபை போதிக்கிறது.

அந்தக் காவியத்தில் சூசையப்பருக்கும் தேவமாதாவுக்கும் நடந்த திருமணமும், அதன்பின் சூசையப்பருக்கு உண்டான சந்தேகமும், அது தீர்ந்த விதமும் தனித்தனிப் படலங்களாய் வருகின்றன. இதன் வித்து சுவிசேஷத்தில் உண்டு. மனைவியைப்பற்றி விளங்காத ஒரு காரியம் வந்தபோது, சூசையப்பர் ஊரைக் கூட்டவில்லை. அவளை அவமானப்படுத்த மனதில்லாமல் இருந்தார் (மத்தேயு 1:19). சந்தேகத்தால் உடைந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பதும், உறவினர் நடுவே கேள்வி கேட்பதும் நடக்கிற இந்நாளில், அந்த நீதிமானுடைய அடக்கத்தை மனதில் பதியவைக்கும் கதை நமக்கு மிகவும் பிரயோசனமானது.

3. கோவில் பெயர் சொல்லாத நல்ல கதை

தமிழில் முதல் நாவல் எனப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவார்கள்? சர்வேசுரன் பேரிலும் தேவமாதா பேரிலும் பாடல் இயற்றிய பக்திமான் அவர். ஆனாலும் அந்தக் கதையின் மாந்தர் கிறிஸ்தவர்களல்ல. தெய்வ பக்தி, பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமை, நியாயம், பெண் கல்வி ஆகியவை அதில் நகைச்சுவையோடு வருகின்றன. மனைவி ஞானாம்பாள் புத்தியில் புருஷனுக்கு மேற்பட்டவள். புருஷனும் அதைக் குறைவாக எண்ணாமல் அவளைக் கொண்டாடுகிறான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய அந்தக் கதையை வாசித்து வெட்கப்படவேண்டிய புருஷர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதனால் அறிவதென்ன? பக்கத்துக்குப் பக்கம் "அல்லேலூயா" எழுதியிருந்தாலும் ஒரு கதை பொறாமையை ஊட்டலாம். சேசுநாதர் பெயர் ஒருதரமும் வராத கதை புண்ணியத்தை ஊட்டலாம். அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

4. எதைக்கொண்டு தீர்மானிப்பது?

அர்ச். இஞ்ஞாசியார் 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார். பொழுதுபோக்க வீரர்களுடைய காதல் கதைப் புத்தகங்களைக் கேட்டார். அந்த வீட்டில் அவை அகப்படவில்லை. கிறிஸ்துநாதருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே கிடைத்தன. அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். உலக வீரத்தையும் சீமாட்டியையும் நினைத்துக் கனவு கண்டபோது அந்த நேரத்துக்கு இனிப்பாயிருந்தது. பிறகு மனம் வறண்டுபோயிற்று. அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் நடக்கலாமென்று நினைத்தபோது உண்டான சந்தோஷமோ, பிறகும் நிலைத்து நின்றது. புத்தகத்தை மூடிய பிறகு என்ன மிஞ்சுகிறதென்று பார்ப்பதே அவர் கண்ட உரைகல்.

அவிலா நகர் அர்ச். தெரேசம்மாளின் (1515–1582) அனுபவம் தாய்மாருக்கு உரியது. அவளுடைய தாய்க்கு அந்த மாதிரிக் காதல் கதைகளில் பிரியம், தகப்பனுக்குப் பிடிக்காது. தாயும் பிள்ளையும் அவருக்குத் தெரியாமல் வாசித்தார்கள். அதனால் தன் நற்பழக்கங்கள் தளர்ந்தன, இரவும் பகலும் வீணாயின என்று அவளே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறாள். பிற்பாடு அர்ச். எரோணிமுசுவின் நிருபங்களை வாசித்தே துறவறத்துக்குத் தைரியங்கொண்டாள். தாய் எதை வாசிக்கிறாளோ அதைப் பிள்ளை வாசிக்கும். மறைத்து வாசிக்க நேர்ந்தால், அதுவே ஓர் எச்சரிக்கை மணி.

5. விவாகத்தைப்பற்றிப் புத்தி சொல்லும் நூல்கள்

கதையில் கலியாணத்தோடு மங்களம் பாடிவிடுவார்கள். மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்திலோ, பீடத்தின் முன் கொடுத்த வாக்கு சாகுமட்டும் நாள்தோறும் காப்பாற்றப்பட வேண்டும். ஆகையால் புத்திமதி நூல்களில் மூன்று மோசங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கற்பனைப் புருஷன். கதையில் வருகிறவன் கோபிப்பதில்லை, கடன்படுவதில்லை, பேசாமல் இருப்பதில்லை. அவனை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுப் புருஷனைப் பார்த்தால் குறைதான் தெரியும். கற்பனை மனைவியை மனதில் வைத்திருக்கும் புருஷர்களுக்கும் இதே புத்திமதி.

இரண்டாவது, நாள் குறித்த வாக்குறுதி. இத்தனை நாள் இந்தச் செபத்தைச் சொன்னால் புருஷன் திருந்துவான், நல்ல வரன் வரும் என்று சில நூல்கள் உறுதி சொல்லுகின்றன. செபம் மந்திரமல்ல. அர்ச். மோனிக்கம்மாள் தன் மகனுக்காக வருஷக்கணக்காய் அழுது மன்றாடினாள். 387-ல்தான் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார்.

மூன்றாவது எல்லாவற்றிலும் கொடியது. அடி வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதே மனைவியின் சிலுவை என்று சொல்லும் நூல்கள் உண்டு. அர்ச். சின்னப்பர் மனைவி கீழ்ப்படியவேண்டுமென்று எழுதியதை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு முந்திய வாக்கியத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் அமையும்படி சொன்னதையும், கிறிஸ்துநாதர் திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் புருஷன் மனைவியை நேசிக்கக் கட்டளையிட்டதையும் (எபேசியர் 5:21, 25) விட்டுவிடுவார்கள். பிரான்சிஸ் பாப்பரசர் 2016-ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற நிருபத்தில், மனைவியைச் சொல்லாலோ அடியாலோ பலாத்காரத்தாலோ துன்புறுத்துவது விவாக ஐக்கியத்தின் சுபாவத்துக்கே விரோதம் என்று போதித்தார். ஆத்துமத்துக்கோ சரீரத்துக்கோ பெரும் ஆபத்து உண்டானால் பிரிந்து வாழ நியாயமுண்டு என்று திருச்சபைச் சட்டமும் (எண் 1153) சொல்லுகிறது. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிராமல், பெற்றோரிடமோ குருவிடமோ உடனே சொல்லுங்கள். பெண்களுக்கான 181 என்ற உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

6. சில வினாவும் விடையும்

வினா: கெட்ட புத்தகங்களைத் திருச்சபையே தடுத்துவிடாதா?
விடை: 1559 முதல் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணை ஒன்று உரோமையில் இருந்துவந்தது. 1966-ல் அதற்குச் சட்ட வலிமை நீங்கிற்று. ஆனால் விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் கெடுக்கும் நூலை விலக்கவேண்டிய கடமை நீங்கவில்லை. அந்தக் காவல் இப்போது உங்கள் மனச்சாட்சியின் கையில் இருக்கிறது.

வினா: மேற்றிராணியாரின் அனுமதி பெற்ற நூல் என்றால் என்ன?
விடை: சத்தியத்துக்கு விரோதமானது அதில் இல்லை என்பது அதன் கருத்து. அதிலுள்ள ஒவ்வொரு யோசனையையும் மேற்றிராணியார் சிபாரிசு செய்கிறார் என்பது அதன் கருத்தல்ல. ஞானோபதேச நூலுக்கு அது அவசியம், நாவலுக்கு அவசியமில்லை.

வினா: பிற சபையார் எழுதிய கிறிஸ்தவக் கதைகளை வாசிக்கலாமா?
விடை: வாசிக்கலாம். திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் எழுதிய கதையைத் தழுவி 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் தமிழுக்கு ஓர் அணி. ஆனால் விவாகம், விவாகரத்து, மறுமணம் முதலியவற்றில் போதனை வேறுபடும் இடங்களைக் குறித்துவைத்துக் குருவிடம் கேளுங்கள்.

7. இந்த வாரத்து அப்பியாசம்

வீட்டில் இருக்கும் ஒரு கதைப் புத்தகத்தை, அல்லது கைப்பேசியில் வாசிக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெபமாலைக்குப்பின் கால்மணி நேரம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். அயலூரில் இருக்கும் புருஷனுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். சத்தமாய் வாசிக்கக் கூச்சமானதைத் தனியேயும் வாசிக்க வேண்டாம்.

வாசித்து முடித்தபின் மூன்று கேள்வி கேளுங்கள். இது என் குற்றத்தைக் காட்டியதா, அதற்குச் சாக்குக் கொடுத்ததா? இதை மூடியபின் செபிக்க மனம் வருகிறதா? இந்த வீட்டில் என்னோடு இருப்பவர்கள்மேல் என் அன்பு கூடிற்றா, குறைந்ததா? மூன்றாவது கேள்விக்கு "குறைந்தது" என்று விடை வந்தால், அட்டையில் எந்தச் சுரூபம் இருந்தாலும் அந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

திருக்குடும்பத்தின் தலைவராகிய அர்ச். சூசையப்பர், நம் குடும்பங்கள் வாசிக்கும் ஏடுகளையும் நம் குடும்பங்களையும் காத்தருள்வாராக.

உங்கள் பங்குக் குரு