லொறி விபத்து வழக்குகள்: கஹவத்தைத் தோட்டங்களின் அனுபவத்திலிருந்து

இலங்கையில் லொறி விபத்துக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. கார் மோதிக் காயப்பட்டவரும் கொழுந்து லொறி மோதிக் காயப்பட்டவரும் நட்டஈடு கேட்டுச் செல்வது ஒரே மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான். இருவரும் நிரூபிக்க வேண்டியதும், உரோம டச்சுச் சட்டத்தின் வழிவந்த தீங்கியல் கோட்பாட்டின்படி, எதிராளியின் கவனயீனத்தால் தமக்கு இழப்பு நேர்ந்தது என்ற ஒன்றையே. இரு வாகனங்களுக்கும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமே பொருந்துகிறது. இருந்தும் கஹவத்தை, ரக்வானை, பெல்மதுளைப் பகுதிகளில் இத்தகைய வழக்குகளை நடத்தியவர்களின் அனுபவத்தை ஒருசேரப் பார்த்தால், கார் வழக்கு பெரும்பாலும் இரண்டு சாரதிகளுக்கு இடையிலான தகராறாகவே முடிவதும், லொறி வழக்கு ஒரு தொழிலின் முழு அமைப்பையும் நீதிமன்றத்துக்குள் இழுத்து வருவதும் தெளிவாகும். லொறி ஓடுவது எவருடைய வேலைக்காகவோ. அதன் சுமை எவருக்கோ சொந்தமானது. அதன் நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாரதியல்ல.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகம செல்லும் ஏ18 வீதியில் கஹவத்தை இருக்கிறது. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் கலந்த இந்த வட்டாரத்தில், சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தைச் சந்திக்குச் சந்தி ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்கு விரையும் லொறிகள், இறப்பர்ப் பால் ஏற்றிய பவுசர்கள், மணலும் கருங்கல்லும் ஏற்றிய டிப்பர்கள், தோட்டத் தொழிலாளரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுசெல்லும் டிரக்டர்கள் ஆகியவை, பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்துக் கூடைக்காரிகளும் நடக்கும் அதே ஒடுங்கிய பாதைகளிலேயே ஓடுகின்றன. சுமையேற்றிய வாகனம் நிற்க நீண்ட தூரம் வேண்டும் என்பதும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதும், அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் திரவம் அலைமோதி வண்டியைச் சரிக்கும் என்பதும் இங்குள்ள எந்தச் சாரதியும் அறிந்தவை. ஆகவே கார் விபத்தில் சாரதியின் கண்ணும் கையும் மட்டும் விசாரிக்கப்பட, லொறி விபத்தில் சுமை எவ்வளவு, அதை எப்படிக் கட்டினார்கள், பிரேக்கை எப்போது பழுதுபார்த்தார்கள் என்ற கேள்விகளும் எழுகின்றன.

கைப்பேசியில் காணொளி பார்த்து வழக்குப் பற்றி எண்ணங்களை வளர்த்துக்கொள்வோர் பெருகிவிட்ட இக்காலத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே ஓடும் சரக்கு லொறிகளுக்கு, ஒரு பணி நேரத்தில் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற கூட்டாட்சி விதியும், அந்நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியும், வாடகைக்குப் பொதுச் சரக்கு ஏற்றும் வண்டிக்குக் குறைந்தது 7,50,000 டொலர் பொறுப்புக் காப்பீடும் உண்டு. அங்கு லொறி வழக்கு தனித் துறையாக வளர்ந்தது அதனால்தான். தமிழ்நாட்டில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து இழப்பீட்டுக்கென்றே தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. இலங்கையில் இவ்விரண்டும் இல்லை. காயப்பட்டவர் சாதாரண குடியியல் வழக்காளியாகவே நிற்கிறார், சான்று திரட்டும் பாரம் முழுவதும் அவர் தோளிலேயே விழுகிறது.

தோட்டப்புறத்து வழக்குகளில் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, விபத்து யாருடைய பிழை என்பதன்று. காயப்பட்டவர் அந்த லொறிக்கு யார் என்பதே. வீதியோரம் நடந்து சென்றவராயின் அவர் மூன்றாம் தரப்பினர். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் வெளியாருக்கு ஏற்படும் தீங்குக்கான காப்புறுதி, இத்தகையவரை மனத்தில் கொண்டே எழுந்தது. அவரே லொறியின் பின்தட்டில் கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து சென்றவராயின் நிலைமை வேறாகிவிடுகிறது. கூலிக்கு மூட்டை ஏற்றி இறக்குபவரா, லொறிக்காரரின் உதவியாளரா, தோட்டத்து நிர்வாகம் வேலைத்தலத்துக்கு அனுப்பிய தொழிலாளியா, பஸ் கிடைக்காமல் தெரிந்த சாரதியிடம் கேட்டு ஏறிக்கொண்டவரா என்பதைப் பொறுத்தே காப்புறுதி அவருக்கு எட்டுமா எட்டாதா என்பது முடிவாகும். ஒப்பந்தப் பத்திரத்தில் எத்தனை பேருக்கு, எவ்வகையினருக்குக் காப்பு உண்டு என்று எழுதியிருப்பதை வாசிக்காமல் எவரும் நம்பிக்கை கொள்ளவோ கைவிடவோ கூடாது. காரில் இத்தகைய வகைப்பாடு இவ்வளவு தூரம் போவதில்லை.

காயப்பட்டவர் தொழிலாளியாயின் அவருக்கு இரண்டாவது வழியொன்று திறக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலை காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்குத் தொழில்தருநர் பிழை செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. காயத்தின் தன்மையையும் சம்பளத்தையும் கொண்டு அட்டவணைப்படி தொகை கணிக்கப்படுகிறது. 2022இல் வந்த திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் இதற்குள் கொண்டுவந்தது. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பிலிருந்து நெடுந்தூரம் சென்று கொழுந்தெடுப்போருக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் ஒரே காயத்துக்காகத் தொழில்தருநரிடம் இரண்டு வழியிலும் கேட்க இயலாது என்பதால் இது ஒரு தெரிவு: அந்தக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் சென்றால் விரைவும் உறுதியும் உண்டு, தொகைக்கு உச்சவரம்பும் உண்டு, மாவட்ட நீதிமன்றம் சென்றால் வலி, வேதனை, வருங்கால வருமான இழப்பு அனைத்தையும் கேட்கலாம், ஆயினும் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும், ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். இந்தத் தெரிவைச் சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல், விண்ணப்பப் படிவமொன்றில் அவசரமாகக் கையெழுத்திட்டே செய்துவிட்ட குடும்பங்களின் நிலை மிகவும் வருந்தத்தக்கது. கட்டணம் கொடுக்க இயலாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

காயப்பட்டவர் விபத்தன்று வேலையில் இருந்தாரா என்ற கேள்விக்கு விடை, தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் இருக்கிறது. முழுப்பேரா (முழுநாள் வேலை), அரைப்பேரா (அரைநாள்), பேரே போடவில்லையா என்று அந்த நாளுக்குரிய கட்டத்தில் எழுதப்படுவது, காயப்பட்டவர் தொழிலின்போது லொறியில் இருந்தார் என்பதற்கான முதற்சான்றாகிறது. ஆகவே விபத்து நடந்த அன்றே அந்தப் பதிவை உறவினரோ தொழிற்சங்கத் தலைவரோ பார்த்து, இயன்றால் படமெடுத்து வைப்பது பின்னாளைய மறுப்புகளுக்கு இடமில்லாமற் செய்யும்.

அடுத்தது, பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது. காரில் ஓட்டியவரும் உரிமையாளரும் பெரும்பாலும் ஒருவரே, அல்லது ஒரே வீட்டார். கொழுந்து லொறியிலோ பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராகக் குத்தகை நிறுவனமும், பதிவு உரிமையாளராக ஒருவரும், அதை வாங்கி ஓட்டும் கொழுந்துச் சேகரிப்பாளராக இன்னொருவரும், பக்கப் பலகையில் தொழிற்சாலையின் பெயரும் இருக்கக் காணலாம். பிறர் செயலுக்கான பொறுப்பு என்று சட்டம் கூறுவது, வேலைக்காரன் தன் வேலையின் எல்லைக்குள் செய்த தவறுக்கு எசமானும் பதில் சொல்ல வேண்டும் என்பதை; எனவே வெறும் உடைமை போதாது, சாரதியை ஏவியவர் யார், சம்பளம் கொடுத்தவர் யார், பாதையையும் நேரத்தையும் விதித்தவர் யார் என்பவற்றைக் காட்ட வேண்டும். ஒருவரை மட்டும் பிரதிவாதியாக்கிய வழக்கில் அவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்கொள்வதுண்டு. கூட்டாகத் தவறிழைத்தோரைப் பற்றிய 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொறுப்பைப் பங்கிட வழி செய்கிறது. காயப்பட்டவரிடமும் ஓரளவு பிழை இருந்தால் அதற்கேற்ப நட்டஈட்டைக் குறைக்கவும் அதுவே வழி செய்கிறது. பின்தட்டில் ஏறியது உங்கள் பிழையே என்று காப்புறுதித் தரப்பு சொல்லும்போது, அது வழக்கை முழுமையாகத் தோற்கடிக்கும் வாதமன்று, தொகையைக் குறைக்கும் வாதமே என்பதை அறிந்திருத்தல் நலம். நிர்வாகம் வேறு வாகனம் தராமல் அதில்தான் ஏறச் சொன்னது என்றால் அதற்கான மறுமொழியும் அங்கேயே இருக்கிறது.

லொறி வழக்கின் பலம் தாள்களில் இருக்கிறது. கார் போகும் இடத்தை எவரும் எழுதி வைப்பதில்லை. லொறி போகும் இடமெல்லாம் எழுதப்படுகிறது. தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுத்த சீட்டில் எடையும் நேரமும் இருக்கும். மணலோ கருங்கல்லோ ஏற்றிய டிப்பரிடம், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ்ப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் வழங்கும் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அதில் வாகன இலக்கமும் சுமையின் அளவும் திகதியும் குறிக்கப்படுகின்றன. காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்க, லொறிக்கு அதற்கு மேலாக வாகனத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். சாரதியின் அனுமதிப்பத்திரமும் வகை பார்க்கப்பட வேண்டியது: மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டி 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகையும், அதற்கு மேற்பட்டதற்கு சி வகையும் தேவை, சாதாரணக் கார் அனுமதியோடு இத்தகைய லொறியை ஓட்டியவர் சிக்கும்போது காப்புறுதி நிறுவனத்தின் வாதம் அங்கிருந்தே தொடங்கும்.

இத்தாள்களில் பல சில வாரங்களில் காணாமற் போய்விடும் என்பதுதான் துயரம். லொறியும் பொலிஸ் நிலையத்தில் நெடுநாள் நிற்பதில்லை. மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்து முடிந்ததும் விடுவிக்கப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் சுமையேற்றிச் சென்றுவிடும். ஆகவே பரிசோதகரின் அறிக்கையில் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றின் நிலை எழுதப்பட்டுள்ளதா என்று விசாரிப்பதும், லொறி வெளியேறும் முன் டயர்களையும் பக்கப் பலகையில் எழுதியுள்ள எடைகளையும் உரிமையாளர் பெயரையும் பல கோணங்களில் படமெடுப்பதும், நிறுவைச் சீட்டுகளையும் பயணப் பதிவுகளையும் அழிக்காமல் வைக்குமாறு உரிமையாளருக்கும் தொழிற்சாலைக்கும் பதிவுத் தபாலில் சட்டத்தரணி வழியே கடிதம் அனுப்புவதும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய பணிகள். பிற்பாடு அந்தத் தாள்கள் இல்லை என்று மறுப்போருக்கு அக்கடிதமே சங்கடமான சான்றாகும்.

பொலிஸ் வாக்குமூலம், கஹவத்தை அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தில் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வழங்குகிறது; எனவே எழுதியதை வாசித்து விளக்கச் சொல்வது சலுகை கேட்பதன்று. லொறி எந்தப் பக்கமிருந்து வந்தது, பின்தட்டில் எத்தனை பேர் இருந்தனர், யார் ஏறச் சொன்னார் என்ற மூன்றும் அந்த வாக்குமூலத்தில் பிழையின்றி இருக்க வேண்டும், ஏனெனில் ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொல்வது அதோடு ஒத்துப்போகிறதா என்றே பார்க்கப்படும்.

வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடந்ததா என்பதையும், டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்பட்ட சீட்டில் காயங்கள் முழுமையாக எழுதப்பட்டுள்ளனவா என்பதையும் கவனிக்க வேண்டும். லொறியின் எடையால் நசுங்கும் காயங்களில் இடுப்பும் காலும் பல மாதங்களுக்குப் பின்னரே தம் உண்மை நிலையைக் காட்டும்; மலையேறிக் கொழுந்தெடுக்க இயலாமற் போன ஒருவருக்கு, மேசையில் இருந்து வேலை செய்பவருக்கான கணக்கைப் போடுவது நியாயமாகாது. வருமானத்துக்குச் செக்ரோலும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளும் சான்று. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்ததால், பழைய சம்பளத்தை வைத்து வருங்கால இழப்பைக் கணிக்கும் பேச்சுவார்த்தைக்கு உடன்படலாகாது. மாணிக்கக் குழியில் பங்குக்கு வேலை செய்தவருக்குத் தாள் இல்லை. குழிக் கூட்டாளிகளின் சாட்சியமே துணை.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியதும் வழக்கு முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் தோட்டங்களில் பரவலாக இருக்கிறது. அங்கு முடிவது அரசு தொடுத்த குற்ற வழக்கு மட்டுமே. குற்றவாளி நட்டஈடு செலுத்த வேண்டும் என நீதவான் கட்டளையிட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடமளிக்கிறதாயினும், அந்தத் தொகை சாரதியின் வசதிக்கு உட்பட்டதே; உரிமையாளரையும் காப்புறுதி நிறுவனத்தையும் எட்டுவதற்கு மாவட்ட நீதிமன்ற வழக்கு வேண்டும். அதற்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டு எல்லை விதிக்கிறது. குற்ற வழக்கு அதைவிட நீண்டாலும் இந்த எல்லை காத்திருப்பதில்லை. வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, செய்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அது தவறினால் தீர்ப்புத் தொகையை அந்நிறுவனத்திடம் அறவிட முடியாமற் போகும். மோதிவிட்டுத் தப்பிய லொறி அடையாளம் காணப்படாவிட்டால், வீதிப் பாதுகாப்புத் தேசிய சபையிடம் விண்ணப்பிக்கும் வழியுண்டு.

மரணம் நேர்ந்த வழக்குகளில் சட்டம் அண்மையில்தான் இரக்கம் கொண்டது. உரோம டச்சுச் சட்டத்தின்படி இறந்தவரால் பராமரிக்கப்பட்டோர் இழந்த வருமானத்தை மட்டுமே கேட்கலாம், பிரிவின் துயருக்கு விலையில்லை என்ற நிலையை, மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் 2001இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சம்பாதிக்காத பிள்ளையை லொறிக்குப் பலிகொடுத்த பெற்றோருக்கு அதனால் ஏறக்குறைய எதுவும் கிடைக்காதிருந்தது. ஆளொருவரின் மரணத்திற்கான நட்டஈட்டை அறவிடுவது பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றி, அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்ததற்காகக் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முதலியோர் கேட்க இடமளித்தது. ஆனால் உறவை நிறுவத் தாள் வேண்டும். கோவிலில் தாலி கட்டிப் பல ஆண்டு வாழ்ந்தும் பதிவு செய்யாத திருமணங்களும், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் சிங்கள ஒலிப்பில் எழுதப்பட்ட பெயர்களும் தோட்டக் குடும்பங்களில் சாதாரணம். அவற்றைப் பிரதேச செயலகத்தில் திருத்துவதற்கு மாதங்கள் செல்லும், இரண்டு ஆண்டு எல்லையோ அதற்குள்ளும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆதலால் திருமணப் பதிவும் பெயர்த் திருத்தமும் வழக்குப் பற்றிய யோசனை எழும் வரை தள்ளிவைக்கத்தக்கவை அல்ல. இறுதிக் கிரியைகள் முடிந்த கையோடு குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தாள்களைத் திரட்டத் தொடங்க வேண்டும்.