மடக்குக் கூரை மோட்டார் வண்டியும் புதிய உறுப்புகளும்

காலணி வைத்து விற்கப்படும் அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை நீக்கிவிட்டு, அதன் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசைகளில் முறுக்கிப் பார்க்க. பெட்டி எளிதில் நெளியும். மூடியை இட்டுச் சுற்றிலும் நாடா ஒட்டி மீண்டும் முறுக்கினால் அதே பெட்டி அசைந்து கொடாது. வகுப்பில் இரண்டு நிமிடங்களில் செய்து காட்டத்தக்க சோதனை இது. கூரையை மடக்கி வைக்கும் வண்டி மூடியற்ற பெட்டியை ஒத்தது. பழைய வண்டியைப் புதுப்பிக்க முற்படுவோர் பெரும்பாலும் இயந்திரத்தையே முதலில் எண்ணுகின்றனர். எண்ண வேண்டுவது இந்த முறுக்கத்தையே.

1959இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி இதன் உருவத்தை அமைத்தார். கூரை மடக்கும் வகை 1960இல் வந்தது. 1961 முதல் சென்னையை அடுத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்ட வண்டியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இதில் எஃகுச் சட்டம் தனியே உள்ளது. உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை. கூரை போயினும் சட்டம் சுமையைத் தாங்கும். இதற்கு மாறாக, 1962இல் வந்த எம்.ஜி.பி. வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்புகளே முதுகெலும்பு. துருவேறிய விளிம்பை வெட்டியெடுக்கும் முன் கதவு வாயிலின் இரு பக்கங்களையும் இரும்புக் கோலால் பிணைத்து, வண்டியைச் சமதளத்தில் தாங்கி நிறுத்துதல் வேண்டும். இதனைச் செய்யாது வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். புதிய விளிம்பைப் பற்றவைத்த பின் கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது.

இனி, பிரேக்கு. ஆட்களுடன் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்கசக்தி ஏறக்குறைய 1,25,000 ஜூல். வேகத்தை 90 கிலோமீட்டராக உயர்த்தினால் அது 2,81,000 ஜூலைத் தாண்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு. சக்தியோ இரண்டேகால் மடங்கு. நிறுத்தும்பொழுது இச்சக்தியின் பெரும்பகுதி பிரேக்கில் உஷ்ணமாக மாறுகிறது. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், உராய்வும் குன்றும். டிஸ்க் தடிப்பில் விரிவதால் பட்டைகளை நோக்கியே வரும். காற்றும் அதன்மேல் நேரே படும். தொடக்கத்தில் நான்கு சக்கரங்களிலும் டிரம் கொண்டிருந்த ஹெரால்டில், 948 கன சென்டிமீட்டர் இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பெரியதொன்றை வைத்துப் பிரேக்கை மட்டும் பழையபடி விடுதல் அறியாமை என்றே கூறவேண்டும்.

ஆயினும் டிஸ்க்கை மாட்டியவுடன் வேலை முடிவதில்லை. டிரம்மில் சக்கரத்தின் சுழற்சியே முன் ஷூவை இழுத்து அழுத்தி ஓட்டுபவருக்கு உதவுகிறது. டிஸ்க்கில் இவ்வுதவி இல்லை. மிதியை அதிக விசையுடன் அழுத்த நேரலாம். இதனாலேயே பூஸ்டர் தேவைப்படுகிறது. மேலும், டிரம்முக்குரிய மாஸ்டர் சிலிண்டரில் குழாயிற் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு இருப்பதுண்டு. அதனை நீக்காவிடில் டிஸ்க்கின் பட்டைகள் விலகாது உராய்ந்துகொண்டே இருக்கும். குழாய் ஒன்று உடைந்தாலும் இரு சக்கரங்களேனும் பிடிக்கும்படி, இரட்டைச் சுற்றுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துப் பொருத்துதல் நன்று.

ஹெரால்டின் பின் அச்சு மற்றொரு எச்சரிக்கை. வளைவில் விரைந்து திரும்பும்போது பின்சக்கரம் உட்புறம் மடங்கும் இயல்பு அதற்கு உண்டு. 1972இல் இந்தியாவில் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் இவ்வச்சுக்குப் பதிலாக விறைப்பான அச்சு வைக்கப்பட்டது.

மின்சார உறுப்புகளில் மாற்றம் எளிது, பயனும் மிகுதி. டைனமோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போது பாட்டரிக்கு மின்னேற்றுவதில்லை. ஆல்டர்னேட்டர் அப்போதும் ஓரளவு ஏற்றும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை மாற்றாது ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால் அதன் டயோடுகள் நொடியில் எரிந்துபோகும். மின்னோட்டம் கூடுவதால் பழைய கம்பிக்குப் பதில் தடித்த கம்பியும் வேண்டும். பற்றவைப்பில் ‘பிளாட்டினம்’ முனைகளுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் அமைப்பை வைக்கலாம். (பட்டறையில் வழங்கும் இப்பெயர் முற்காலத்து உலோகத்தால் வந்தது, பிற்காலத்து முனைகள் டங்ஸ்டன்.)

எரிபொருளைப் பற்றி ஒரு சொல். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000த்தில் ஒழிந்தது. ஈயத்தின் காப்பு இல்லாமையால் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் வால்வு இருக்கைகள் தேய்கின்றன. கடின எஃகு வளையங்களைப் பதித்தல் வேண்டும். 2025இல் பெட்ரோலிற் கலக்கும் எதனால் 20 விழுக்காட்டை எட்டியது. எதனால் பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்து உப்பச் செய்யும், ஈரத்தையும் ஈர்க்கும். குழாய்கள் அனைத்தையும் மாற்றுதல் அவசியம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவில் பேணப்பட்டு, சட்டத்திலும் உடலிலும் இயந்திரத்திலும் பெருமாற்றம் பெறாத வண்டியே பழம்பெரும் வாகனமாகப் பதிவுபெறும். எனவே சட்டத்தை வெட்டாது, பழைய துளைகளிலேயே போல்ட்டால் பொருந்தும் உறுப்புகளைத் தேர்தல் நலம். கழற்றிய டைனமோவையும் டிரம்களையும் எண்ணெய் பூசி, எங்கிருந்து எடுத்தவை என்று சீட்டுக் கட்டி, உலர்ந்த இடத்தில் வைத்திருத்தல் வேண்டும்.