மூடிய கண்களைப் படியெடுத்தல்

மங்கலான ஓவியம் எளிது என்று நினைத்துத்தான் பலர் அதை முதல் படியெடுப்புக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூரான விளிம்பு கிடையாது, நகைநட்டு கிடையாது. பிசகினாலும் கனவு என்று சொல்லித் தப்பிக்கலாம். தேர்வு சரி, காரணம்தான் தப்பு என்பது என் கட்சி. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள ஓதிலோன் ரெதோனின் ‘மூடிய கண்கள்’ (1890) படத்தையே பாருங்கள். 44 செ.மீ. உயரம், 36 செ.மீ. அகலம். ஒரு கிடைக்கோட்டுக்கு மேலே தோளும் சாய்ந்த தலையும், அவ்வளவுதான். துணியின் நெசவு தெரியுமளவுக்கு வண்ணம் மெல்லியது. கோடு கைகொடுக்காத இந்த முகத்தைத் தாங்குவது ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான சின்னச் சின்ன வேறுபாடுதான். அது ஒரு படி தவறினால் மூடிய இமை வீங்கிய கண்ணாகிவிடும்.

ரெதோன் 1840இல் போர்தோவில் பிறந்தவர். ஐம்பதை நெருங்கும்வரை அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை கரியிலும் கல்லச்சிலும் செய்த கறுப்புப் படங்கள். வண்ணத்துக்கு அவர் திரும்பிய கட்டத்தில் வந்தது இந்த முகம். ஆகவே படியெடுப்பவரும் அதே வரிசையில் போவதே நல்லது என்பேன். முதலில் ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணம் ஒன்றை மட்டும் டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, வெளிச்ச இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். நிறம் அதன்மேல் வரட்டும், அதில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. அடியில் எண்ணெய் மிகுந்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும். ஈரம் காயுமுன் உலர்ந்த பிரஷ்ஷால் எல்லா விளிம்பையும் தடவிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். கீழே அந்தக் கிடைக்கோடு தெளிவாக நிற்பதால்தான் மேலே முகம் கரைவது தெரிகிறது; எல்லாம் கரைந்தால் வெறும் புகைதான் மிஞ்சும்.

படியெடுத்தால் சொந்தக் கை போய்விடும் என்பார்கள். ரெதோனே தெலக்ருவாவின் ‘சிங்க வேட்டை’யைப் படியெடுத்தவர். போர்தோவிலிருந்த அந்த மூல ஓவியத்தின் மேற்பகுதி 1870இல் தீயில் அழிந்துவிட்டது; முழுப்படம் எப்படி இருந்தது என்பதை இன்று ரெதோனின் படி காட்டுகிறது. அந்த ஆரவாரத்துக்கும் மூடிய கண்களின் அமைதிக்கும் என்ன ஒட்டுறவு? நேரில் ஆளை உட்காரவைத்து வரைவதே மேல் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. உருண்ட தலையைத் தட்டைத் துணிக்குக் கொண்டுவரும் வித்தையைப் படியெடுப்பு கற்றுத்தராது. ஆனால் எதை விட்டுவிடலாம் என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்லமாட்டார். அந்த முடிவுகள் ரெதோனின் துணியில் எடுத்தாகிவிட்டன. அச்சிலும் திரையிலும் நிறம் மாறுமே என்பதுதான் வலுவான ஆட்சேபம். மாறும். அதனால் நிறத்தைத் துரத்தாமல், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கறுத்த இடத்தையும் வெளுத்த இடத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். அளவையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுப்பவர்கள் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ வரைய வேண்டும். போலியைத் தடுக்க வந்த விதி. பழகுகிறவருக்கோ அச்சை வைத்துக் கோடிழுக்கும் சோம்பலை அது மிச்சமின்றி ஒழித்துவிடுகிறது. இமையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் நிழல் சரியாக விழுந்திருந்தால், அங்கே இரண்டு தீற்றலுக்குமேல் வேலை இருக்காது.