கான்டனீஸ் மொழியின் 'டா ஙான்சிக்': பொருளும் தமிழ்ப் பெயர்ப்பும்

ஹாங்காங், மக்காவ், குவாங்சோ நகரங்களில் வழங்கும் கான்டனீஸ் பேச்சுமொழியில் 'டா ஙான்சிக்' என்னும் தொடர் பெரிதும் பயில்கிறது. வாய் திறவாது, கண்ணசைவால் ஒருவருக்கு மட்டும் செய்தி உணர்த்துவதை அது குறிக்கும். இதற்குரிய தமிழ்ப் பெயர்ப்பு எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

'டா' அடித்தலையும் 'ஙான்' கண்ணையும் 'சிக்' நிறத்தையும் குறிப்பன. (மொழிமுதல் ஙகரத்தைத் தொல்காப்பியம் ஏற்பதில்லை, ஹாங்காங் இளையோர் பலரும் இன்று அதனை விடுத்து 'ஆன்சிக்' என்றே ஒலிக்கின்றனர்.) எனினும் 'ஙான்சிக்' கண்ணின் நிறமன்று. ஏறத்தாழ கி.பி. 100இல் தொகுக்கப்பெற்ற 'ஷுவோவென் ஜியெஸி' என்னும் சீன அகராதி, 'சிக்' எனும் சொல்லுக்குரிய எழுத்திற்கு முகத்தில் புலப்படும் உணர்வுக்குறி என்றே பொருள் கூறுகிறது. நம் இலக்கணம் மெய்ப்பாடு என்பதற்கு இது அண்மையது.

'டா' என்பதிலும் அடித்தற்பொருள் தேய்ந்துவிட்டது. தொலைபேசியில் அழைத்தல் 'டா டின்வா'; புயல் வீசுதல் 'டா ஃபுங்'. தமிழிலும் போன் அடிக்கிறோம், காற்றும் அடிக்கிறது. இவ்வொப்புமையே பெயர்ப்பாளரைக் 'கண்ணடித்தல்' என்பதற்கு இழுத்துச் செல்லும். அது பிழையாகும். கண்ணடித்தல் ஒரு கண்ணை இமைப்பது. காதலோ குறும்போ அதனுடன் ஒட்டியிருக்கும். கான்டனீஸில் அதற்கு 'டான் ஙான்' (ஒற்றைக்கண்) என வேறு சொல் உண்டு.

விருந்தினர் முன்னிலையில் வீட்டுச் செய்தியொன்றைச் சிறுவன் உளறத் தொடங்குகிறான். தாய் அவனை நோக்கி ஒரு பார்வை பார்க்கிறாள். இதுவே 'டா ஙான்சிக்'. இதற்கு மூவர் வேண்டும்: உணர்த்துபவர், உணர்பவர், உணரக்கூடாதவர். மூன்றாமவர் கண்டுகொண்டால் குறிப்பு பாழ்.

இப்பொருளைத் தருவது 'கண்சாடை காட்டுதல்' என்பதே. இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. 'டா சோ கோ ஙான்சிக்' என்கையில் வினைக்கும் பெயருக்கும் இடையே வினைமுடிவு காட்டும் 'சோ'வும் எண்ணலகாகிய 'கோ'வும் புகுகின்றன. குறிப்பு எண்ணத்தக்க பொருளாகிறது. 'ஒரு கண்சாடை காட்டினாள்' எனலாம். 'ஒரு கண்ணடித்தாள்' என்பது தமிழன்று.

குறளில் 71, 110 ஆகிய இரு அதிகாரங்களும் 'குறிப்பறிதல்' என்றே பெயர் பெறுகின்றன. அங்குச் சிறப்பு உணர்பவருக்கு. கான்டனீஸ் தொடரோ உணர்த்துபவரின் செயலையே முன்னிறுத்துகிறது. உணர்பவர் நிலைக்கு அம்மொழியில் 'தை மெய்தாவ் ஙான்ஙாக்' (புருவமும் நெற்றியும் பார்த்தல்) என்னும் தொடர் உண்டு. பிறர் முகம் பார்த்துப் பிழைக்க நேர்ந்தவரின் கசப்பு அதில் கலந்திருக்கிறது.