பிழையைப் பார்த்துப் பொருளை எடுங்கள்

சோலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 4 முதல் 6-ஆம் வகுப்பு வரை வடிவியலும் அளவைகளும் நடத்துபவர்களுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

ஐந்தாம் வகுப்பில் ஒரு பென்சிலைக் கொடுத்து நீளத்தை அளக்கச் சொல்லிப் பாருங்கள். ஸ்கேலில் 0-வை விட்டுவிட்டு 1-இல் முனையை வைக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். விடையில் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அது சதுரமே இல்லை, ‘டைமண்ட்’ என்று இன்னொரு பிள்ளை சொல்லும். கோணத்தின் கைகளை நீட்டி வரைந்ததும் கோணமே பெரிதாகிவிட்டது என்று மூன்றாவது பிள்ளை நம்பும்.

மூன்று பிழைகளுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆனால் நாம் பெரும்பாலும் பொருளிலிருந்துதான் தொடங்குகிறோம்: கடையில் என்ன கிடைக்கிறது, அலமாரியில் என்ன இருக்கிறது, எது பார்க்க அழகாக இருக்கிறது என்று. என் அனுபவத்தில் நல்ல வழி ஒன்றே ஒன்று. பிள்ளை எங்கே தவறுகிறது என்று முதலில் பாருங்கள். அந்தத் தவறைக் கையாலேயே உணரவைக்கும் பொருளைப் பிறகு தேடுங்கள்.

நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர் 1957-இல் விளக்கிய படிநிலைகள் இதற்குத் துணை நிற்கின்றன. பிள்ளைகள் வடிவத்தை முதலில் தோற்றத்தால் அடையாளம் காண்கிறார்கள், அடுத்து அதன் பண்புகளைக் கவனிக்கிறார்கள், அதன் பிறகுதான் பண்புகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிறார்கள். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. ‘டைமண்ட்’ என்று சொன்ன பிள்ளை முதல் படியில் நிற்கிறது. அதற்கு வரையறையை மனப்பாடம் செய்யவைத்துப் பயனில்லை.

காகித மடிப்பு

செலவில்லாத வழி இது. மழைக்கால வகுப்பறைக்கு ஏற்றதும் இதுதான். இந்த வழிக்கு நம் மாநிலத்திலேயே மூதாதை உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்த டி. சுந்தர ராவ், காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் நூல் ஒன்றை 1893-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுதியதால் அது கடல் கடந்து, 1901-இல் அமெரிக்கப் பதிப்பும் கண்டது.

ஒரு பயிற்சி: பக்கம் 20 செ.மீ. உள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடிக்கச் சொல்லுங்கள். மீண்டும் சதுரம்தான் வரும், திரும்பி நிற்கும் சதுரம். தாள் எங்கும் இரண்டு மடிப்பாக இருப்பதால் பரப்பு 400-லிருந்து 200 சதுர செ.மீ. ஆகிவிட்டது. சுற்றளவு எவ்வளவு என்று கேளுங்கள். பாதி, 40 என்பார்கள். நூல் வைத்து அளந்தால் ஏறக்குறைய 56.5 செ.மீ. வரும். பரப்பும் சுற்றளவும் ஒரே விகிதத்தில் கூடிக் குறையும் என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் காணும்.

சமச்சீர், கோணம், பின்னம் மூன்றுக்கும் மடிப்பு நல்லது. நிஜ நீளங்களை மதிப்பிடும் பழக்கத்தை அது தராது.

குச்சியும் பட்டாணியும்

தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா நாடெங்கும் பரப்பினார். மேடுபள்ளமான நம் ஊரில் சைக்கிள் கடையைத் தேடிப் போக வேண்டும். காய்ந்த பட்டாணியை இரவே ஊறவைத்துவிட்டால் போதும், பல்குத்தும் குச்சி அதில் நன்றாக இறங்கும். காய்ந்த பின் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நான்கு குச்சிகளால் ஒரு சதுரம், மூன்றால் ஒரு முக்கோணம். இரண்டையும் மெல்ல அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. தேயிலைத் தொழிற்சாலைக் கூரையின் இரும்புச் சட்டங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்ற கேள்வி தானாக வரும். கனசதுரத்தின் விளிம்பையும் முனையையும் படத்தில் எண்ணித் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் பரப்பு, கொள்ளளவு பாடங்களுக்கு உதவாது. குச்சிகளுக்கு நடுவே வெறும் காற்றுதான் இருக்கிறது.

ஆணிப்பலகை

பலகையில் சம இடைவெளியில் ஆணி அடித்து ரப்பர் பேண்டு மாட்டுவது. பலரும் 25 ஆணி அடிக்கிறார்கள். என் பரிந்துரை 36, அதாவது ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. அப்போதுதான் சுற்றளவு 12 அலகு உள்ள செவ்வகங்கள் மூன்றையும் மாட்ட முடியும்: 1×5, 2×4, 3×3. பரப்பு 5, 8, 9. ஒரே நீள வேலிக்குள் மூன்று விதமான நிலம். காரட் பாத்திக்கு வேலி போடும் வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

பலகை செய்ய ஆள் இல்லையென்றால் புள்ளித்தாள் போதும். கோலப் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு அது புதிதல்ல. இழைகளை எண்ணியே வடிவம் எடுக்கும் தோடர் பூவேலையின் படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். சமச்சீர்க் கோடு எங்கே ஓடுகிறது என்று பிள்ளைகளே காட்டுவார்கள்.

வெளியே போய் அளப்பது

இதற்கு நேரம் அதிகம் வேண்டும், ஏற்பாடும் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மூடுபனியும் கெடுக்கும்; ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். ஆனாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலிடம் தருவது இதற்குத்தான். பாடப்புத்தகத்தின் பக்கம் சமதளம், நம் ஊர் அப்படியில்லை.

சென்டில் தொடங்கலாம். வீட்டில் நாள்தோறும் காதில் விழும் சொல், ஆனால் எவ்வளவு இடம் என்று கேட்டால் பெரியவர்களே யோசிப்பார்கள். பக்கம் 6.36 மீட்டர் உள்ள சதுரத்தைக் கயிற்றால் தரையில் போடுங்கள். அது ஏறக்குறைய ஒரு சென்ட். வகுப்பே அதற்குள் நின்று பார்க்கட்டும்.

அடுத்தது சரிவு. சம நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, இடையில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, ஆங்கில ‘ஏ’ எழுத்துப் போல ஒரு சட்டகம் செய்யுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். கால்கள் ஊன்றிய இரண்டு இடங்களிலும் அடையாளம் வைத்து, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி மறு காலைச் சரிவில் மேலும் கீழும் நகர்த்தி, நூல் நடுப்புள்ளிக்கு வந்ததும் முளை அடியுங்கள். பத்து முளை அடித்துத் திரும்பிப் பார்த்தால் மலையின் வளைவோடு வளையும் சமமட்டக் கோடு ஒன்று கண்முன் நிற்கும். மண் அரிக்காமல் பாத்தி வெட்ட வேண்டிய கோடு அதுதான். கொத்தனாரின் தூக்குக்குண்டும் வகுப்பின் முக்கோணமும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு அப்போது தெரியும்.

சரிவில் 10 மீட்டர் நடந்து 6 மீட்டர் உயரம் ஏறினால், வரைபடத்தில் அந்தத் தூரம் 8 மீட்டர்தான். நில அளவையில் சேர்வது கிடைமட்ட அளவு. வசதி இருந்தால் மலை ரயிலையும் காட்டுங்கள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாலே தெரியும், இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1 மீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது.

கணிதப் பெட்டியும் திரையும்

கடைக் கணிதப் பெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும். வாங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் எட்டுமா? ஆசிரியர் தூக்கிக் காட்டுவதற்கு மட்டுமான பெட்டி, படம் காட்டுவதற்குச் சமம். ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருளில் கோணத்தின் கையை எவ்வளவு நீட்டினாலும் பாகை மாறாததைக் காட்டலாம். கையால் செய்த பிறகு அதைத் திரையில் பாருங்கள், முன்னால் வேண்டாம்.

எதற்கு எது

ஸ்கேலை 1-இலிருந்து படிக்கும் பிள்ளைக்கு: ஒரு சென்டிமீட்டர் காகிதத் துண்டுகளை வரிசையாக ஒட்டி, தன் ஸ்கேலைத் தானே செய்யட்டும்.
திருப்பிய சதுரம் புரியாத பிள்ளைக்கு: காகித மடிப்பு.
பரப்பையும் சுற்றளவையும் குழப்பும் பிள்ளைக்கு: ஆணிப்பலகை, பிறகு கயிறு.
கனவடிவம் கண்ணுக்குள் வராத பிள்ளைக்கு: குச்சியும் பட்டாணியும்.
கோணம் வெறும் எண்ணாக நிற்கும் பிள்ளைக்கு: முதலில் மடிப்பு, வெயில் வந்ததும் சட்டகம்.
ஒரே ஒரு வழிக்குத்தான் நேரம் என்றால்: மழை மாதங்களில் மடிப்பு, வெயில் மாதங்களில் கயிறு.

எதைத் தேர்ந்தாலும் ஒரு பழக்கத்தைக் கைவிடாதீர்கள். அளக்கும் முன் கண்மதிப்பு. நோட்டில் மூன்று கட்டம்: நினைத்தது, அளந்தது, வித்தியாசம். பறித்த பச்சைத் தேயிலை மூட்டையைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லும் அம்மாக்கள் இந்த மலையில் நிறைய. தராசில் ஏற்றினால் அவர்கள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் முள் நிற்கும். பல வருடம் தினமும் தூக்கி, தினமும் சரிபார்த்து வந்த கணக்கு அது. அந்த மூன்றாவது கட்டத்தில் எண் நாளுக்கு நாள் சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் நீங்கள் எடுத்த பொருள் சரியான பொருள்.